கிழக்கு கேலரியில் அப்பாவின் கடைசி ஐந்து ஆட்டங்கள்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைவாகும் இந்நாளில் எங்கள் வீட்டுக்கு வந்து, எங்களோடு அமர்ந்து உணவருந்தி, இந்த மலரையும் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

கட்டுரை எழுதச் சொல்லி அம்மா கேட்டபோது வழக்கம்போல முதலில் ஒரு பட்டியல் போட்டேன். பிறந்த ஊர், படிப்பு, வேலை, திருமணம், நோய், மறைவு என்று ஆறு தலைப்புகள். அவையெல்லாம் வரும். ஆனால் சென்ற ஆண்டு காரியத்தன்று உங்களில் பலர் கேட்ட ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன். இருதயம் பலவீனமான மனிதரை வெயிலில் கால்பந்து பார்க்க அழைத்துப் போனது உண்மையா என்பதே அந்தக் கேள்வி. மற்றவர்கள் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்கள். பெரியப்பா என்னிடம் நேராகவே கேட்டார்.

"டாக்டரு நிழல்ல இருக்கச் சொன்னாருன்னு ஒறம்பரை சனமெல்லாம் பேசிக்கறாங்க. நீ படிச்ச புள்ளை. உனக்குத் தெரியாதா கண்ணு?"

தெரியும். தெரிந்தேதான் செய்தேன். ஏன் என்பதை எழுதவே இந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டேன்.

அப்பா சத்தியமங்கலத்துக்கு அருகே ஒரு சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில், நான்கு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். அவர் பத்தாம் வகுப்பில் இருந்தபோது தாத்தா காலமானார். பெரியப்பா தன் படிப்பை நிறுத்திவிட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, தம்பியைக் கோவைக்கு ஐ.டி.ஐ. படிக்க அனுப்பினார். அந்த உதவியை அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். பெரியப்பா எதிரில் மட்டும் சொன்னதில்லை. அதனால் இங்கே நான் எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ.க்கு வரும்வரை அப்பா ஆடியது கபடியும் வாலிபாலும்தான். டர்னர் பிரிவில் அவருக்குப் பக்கத்து லேத்தில் நின்றவர் கோட்டைமேட்டைச் சேர்ந்த ஹக்கீம் மாமா; அப்பாவுக்கு அவர் 'பாய்'. இப்போது உக்கடத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். மாலையில் மைதானத்துக்கு அப்பாவை இழுத்துப் போனவர் அவர்தான். "பந்தைக் காலாலேயும் தொடலாம்னு உங்கப்பனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நாந்தாம்மா. முத வாரம் பூராக் கையிலதான் புடிச்சுட்டு இருந்தான்" என்று இன்றும் சொல்வார். இரண்டு வருடத்தில் அப்பா இடதுபக்கத் தடுப்பாளராக ஐ.டி.ஐ. அணியில் இடம்பிடித்தார். பிறகு இருவரும் வெவ்வேறு தொழிற்சாலைகளில் சேர்ந்து, கம்பெனி லீக்கில் ஒருவரை எதிர்த்து ஒருவர் ஆடினார்கள். முழங்கால் கெட்டதும் அப்பா ஆடுவதை நிறுத்தினார். யாருடைய காலில் மோதிக் கெட்டது என்பதில் இருவருக்கும் கடைசிவரை உடன்பாடு ஏற்படவில்லை.

கணபதி பக்கம் ஒரு பம்ப் தொழிற்சாலையில் லேத் ஆபரேட்டராகச் சேர்ந்த அப்பா, இன்ஸ்பெக்‌ஷன் பிரிவுக்கு மாறி, அங்கேயே ஓய்வு பெற்றார். அவர் மேசையில் மூன்று தட்டுகள் இருக்கும். சரியான உதிரிபாகம் பாஸ். சரிசெய்யக் கூடியது ரீவொர்க். உருக்கப் போகவேண்டியது ரிஜெக்ட். அவிநாசியைச் சேர்ந்த அம்மாவைத் திருமணம் செய்தார். ஒரே மகள் நான். நான் ஆறாம் வகுப்பு படித்தபோது தொழிற்சாலை பல மாதங்கள் மூடிக் கிடந்தது. அப்பா வீட்டின் முன்னறையில் மோட்டார் காயில் சுற்றினார். அம்மா பின்னறையில் டியூஷன் எடுத்தார். எனக்கு அந்த வருடம் முன்னறையில் வார்னிஷ் வாசனையும் பின்னறையில் பெருக்கல் வாய்பாடுமாகத்தான் நினைவிருக்கிறது. கஷ்டமாக இருந்தது என்பது பெரியவளான பிறகே தெரிந்தது. நான் கருவியியல் பொறியியல் படித்து, தொழிற்சாலைகளுக்கு அளவுக் கருவிகள் பொருத்தும் வேலையில் இருப்பதற்கு அந்த முன்னறையும் ஒரு காரணம்.

தொழில்முறைக் கால்பந்து கிளப் ஒன்று நம் ஊருக்கு வந்தபோது அப்பாவும் ஹக்கீம் மாமாவும் முதல் நாளே வரிசையில் நின்று சீசன் டிக்கெட் வாங்கினார்கள். கிளப்பின் பெயரை அப்பா ஒருநாளும் சொல்லமாட்டார். "நம்ம பசங்க" என்பார். பசங்களில் பாதிப் பேர் மணிப்பூர், கேரளா, கோவா. இருவர் ஆப்பிரிக்காக்காரர்கள். எல்லோரும் நம்ம பசங்கதான்.

சீசன் டிக்கெட் பற்றி அவருக்கு உறுதியான கருத்துகள் இருந்தன. அட்டவணை வருவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். புது வீரர்கள் யார் என்று பார்த்துவிட்டு வாங்குவது அவருக்குப் பிடிக்காது. "ஆளைப் பார்த்து வாங்கறதுக்கு இதென்ன சந்தையில மாடா?" என்பார். இலவசப் பாஸை ஏற்கக் கூடாது. கம்பெனி மூலம் வந்த பாஸ்களை எல்லாம் அவர் யாருக்காவது கொடுத்துவிடுவார். பாஸில் வந்தவர்கள் எண்பதாவது நிமிடத்தில் வண்டி எடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள் என்பது அவர் பல வருடம் கவனித்துச் சொன்னது. டிக்கெட் கிழக்கு கேலரியில்தான் இருக்க வேண்டும். மேற்கே கூரை போட்ட பெவிலியன் இருக்கிறது; அங்கே சாய்வு நாற்காலி, நிழல், ஏலக்காய் டீ எல்லாம் உண்டு. கிழக்கு கேலரி வெறும் சிமெண்டுப் படி. மாலை நான்கு மணி ஆட்டத்தில் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். முதல் பாதி முழுக்க எல்லோரும் நெற்றியில் கை வைத்துக்கொண்டே பார்ப்பார்கள். "அங்க உக்காந்தா ஆட்டத்தைப் பார்க்கலாம். இங்க உக்காந்தாத்தான் ஆடறவனுக்கு நாம தெரிவோம்" என்று ஒருமுறை என்னிடம் விளக்கினார். நான் தலையாட்டினேன். எனக்குக் கால்பந்து தெரியாது.

கிழக்கு கேலரியின் மேல் வரிசையில் அப்பா, ஹக்கீம் மாமாவோடு சேர்த்துப் பதினொரு பேர். "நாங்களே ஒரு டீமுதான், பெஞ்சுலதான் ஆள் இல்லை" என்பார் அப்பா. சிமெண்டுப் படியில் எண் கிடையாது. யார் எங்கே உட்காருவது என்பது முதல் சீசனிலேயே முடிவாகிவிட்டது. ஒருவர் வர நேரமானால் அவருடைய இடத்தில் மடித்த செய்தித்தாள் ஒன்று இருக்கும். ஆட்டத்துக்கு வராதவருக்கு இடைவேளையில் போன் செய்தே ஆகவேண்டும். ஏன் வரவில்லை என்று கேட்பது இரண்டாம் பட்சம். முதல் பாதியில் என்ன நடந்தது என்பதைச் சொல்வதுதான் முதல் கடமை.

ஆட்டம் முடிந்து வந்ததும் அப்பா வீரர்களை வரிசையாகத் தரம்பிரிப்பார். கோல்கீப்பர் பாஸ். நடுவரிசை மூன்று பேரும் ரீவொர்க். ஓடித் திரும்பாத வெளிநாட்டு முன்கள வீரர் ரீவொர்க். பந்தை எடுத்து எறியும் வாய்ப்பையெல்லாம் வீணாக்குகிறவர் ரீவொர்க். சீசன் பாதியில் பயிற்சியாளரை மாற்றும் நிர்வாகத்தைப் பற்றி அவர் சொன்னதை இந்த மலரில் அச்சிட முடியாது. ரிஜெக்ட் என்று அவர் ஒரு வீரரையும் சொல்லி நான் கேட்டதில்லை. "ரிஜெக்ட் போட்டா உருக்கணும். மனுசனை எங்க போயி உருக்கறது?" அம்மாவுக்கு இவ்வளவு விவரம் தேவைப்படாது. அப்பா வண்டியை சைடு ஸ்டாண்டில் போட்டால் நம்ம பசங்க ஜெயித்தார்கள், சென்டர் ஸ்டாண்டில் போட்டால் தோற்றார்கள். சமன் ஆனால் ஸ்டாண்டு போடாமலே வாசலில் நின்று எதிர் வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருப்பார்.

மூன்று வருடத்துக்கு முன்பு அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இருதயம் பாதி வேகத்தில்தான் வேலை செய்கிறது என்றார்கள். மருந்துகளில் நன்றாகவே சமாளித்தார். கடைசி சீசனுக்கு டிக்கெட் விற்பனை தொடங்கிய நாளில் மட்டும் அவர் மருத்துவமனையில் இருந்தார். பழைய அட்டையை என் கையில் கொடுத்து, "இதையே புதுப்பிச்சுப்போடு கண்ணு. கிழக்கு கேலரி" என்றார்.

நான் புதுப்பிக்கவில்லை. பெவிலியனில் ஒரு டிக்கெட் வாங்கினேன். வாங்குவதற்கு முன்பு டாக்டரிடம் கேட்டேன். நிழலில், படி ஏறாமல், அலட்டிக்கொள்ளாமல் பார்ப்பதானால் சரி என்றார் அந்த அம்மையார். என் நோட்டில் எழுதியிருந்த காரணங்கள் இவை: கூரை உண்டு. படி இல்லை, சாய்தளம் உண்டு. நாற்காலிக்கு முதுகு உண்டு. கழிப்பறை அருகில். ஆம்புலன்ஸ் வரும் வாசலும் அருகில். எதிர்ப்பக்கத்தில் இருந்த குறைகள்: முப்பத்தெட்டுப் படிகள், வெயில். இப்போது படித்தாலும் எல்லாமே சரியான காரணங்களாகத்தான் இருக்கின்றன.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அப்பாவிடம் புது அட்டையைக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இது பெரிய மனுசங்க உக்கார்ற இடமாச்சே கண்ணு."

"உங்களுக்கு என்னங்கப்பா கொறைச்சல்?"

"அதுஞ் செரிதான்" என்று சிரித்தார். பிறகு, "ரொம்ப தேங்க்ஸ் கண்ணு" என்றார்.

சமையலறைக்கு வந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "உங்கப்பா இந்த ஊட்டுல யாருக்காச்சும் தேங்க்ஸ் சொல்லிக் கேட்டிருக்கறயா?" நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

முதல் மூன்று ஆட்டங்கள் அப்படிப் போயின. அப்பாவைக் காரில் கொண்டுபோய்ப் பெவிலியன் வாசலில் இறக்கிவிடுவேன். டிக்கெட் ஒருவருக்குத்தான் என்பதால் நான் காரிலேயே உட்கார்ந்து அலுவலக வேலையைப் பார்ப்பேன். வரும்போது, "எப்படிங்கப்பா இருந்துச்சு?" என்றால், "நல்லா இருந்துச்சு கண்ணு, காத்தோட்டமா" என்பார். யாரையும் தரம்பிரிக்கவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

மூன்றாவது ஆட்டத்தன்று மாலை மாத்திரையைக் காரிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். இடைவேளையில் வாசலில் இருந்த காவலரிடம் சொல்லிவிட்டு மாத்திரையோடு உள்ளே போனேன். பெவிலியனின் நடுவில் அப்பா தனியாக இருந்தார். இரண்டு பக்கமும் மூன்று மூன்று நாற்காலிகள் காலி. போனைக் காதில் வைத்தபடி எழுந்து நின்று, மைதானத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் பார்த்துக் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டிருந்தார். எதிரே, கேலரியின் உச்சியில், சின்னதாக ஒரு துண்டு ஆடியது. நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது.

"தெரியுது பாய், தெரியுது. நீங்க எல்லாரும் தெரியறீங்க… ஆட்டமா? என்னத்தைச் சொல்றது. இங்க இருந்து பார்த்தா வேற யாரோ ஆடற மாதிரி இருக்குது பாய்… இல்லை இல்லை, புள்ளை ஆசையா வாங்கிக் கொடுத்திருக்குது. அதுகிட்ட ஒண்ணும் சொல்லிப்போடாதே."

மாத்திரையை வரிசையின் ஓரத்தில் இருந்தவரிடம் கொடுத்து, அப்பாவிடம் சேர்க்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அந்த வாரமே நான் மூன்று பேரைப் பார்த்தேன். முதலில் கிளப்பின் டிக்கெட் அலுவலகம். அங்கிருந்த பெண் என்னைவிடச் சின்னவள். பெவிலியன் அட்டையைக் கிழக்கு கேலரிக்கு மாற்ற வேண்டும் என்றதும் இரண்டு முறை கேட்டாள்.

"மேடம், கேலரியில இருந்து பெவிலியனுக்குங்களா?"

"இல்லைங்க. பெவிலியன்ல இருந்து கேலரிக்கு."

"மேல மாத்தத்தாங்க சிஸ்டத்துல வழி இருக்குது. கீழ மாத்தறதுக்கு வழியே இல்லைங்க. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைங்களே." கடைசியில் அவளே யோசனை சொன்னாள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அன்றன்றைக்குக் கேலரி டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, டாக்டர். வெயில் முகத்தில் எவ்வளவு நேரம் அடிக்கும் என்று கேட்டார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்றேன். "அவர் உடம்புக்கு எது நல்லதுன்னு கேட்டா, நான் பெவிலியன்னுதான் சொல்லுவேன்" என்றார். அதன் பிறகு சற்று நேரம் அப்பாவின் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பி, அளவான தண்ணீர், மூச்சு வாங்கினால் உடனே கிளம்புவது என்று மூன்று நிபந்தனைகள் சொன்னார். படி ஏறுவதற்கு மட்டும் எக்காரணம் கொண்டும் அனுமதி இல்லை. முடிவை அவர் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். இதை உறவினர்கள் தெளிவாக அறிய வேண்டும்.

படி ஏறாமல் கேலரியில் உட்காரக்கூடிய இடம் ஒன்றுதான்: வேலியை ஒட்டிய கீழ் வரிசை. அங்கே யாரும் விரும்பி உட்காருவதில்லை. கம்பி வேலி கண்ணை மறைக்கும். விளம்பரப் பலகைகளுக்கு அப்பால் எதிர்ப்பக்கக் கோடு தெரியவே தெரியாது. ஆனாலும் அப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அடுத்த நொடி வேண்டாம் என்றார்.

"நான் கீழ உக்காந்தா அவங்க மேல இருக்க மாட்டாங்க கண்ணு. பாய் வருவான், அவனைப் பார்த்து மத்தவங்க வருவாங்க. என் ஒருத்தனுக்காகப் பத்துப் பேரு சீசன் டிக்கெட்டு வாங்கி வெச்சுட்டுக் கம்பியைப் பார்த்துட்டு உக்கார்றதா? நான் பெவிலியன்லயே இருந்துக்கறேன். அவங்ககிட்ட இதெல்லாம் பேசாதே."

நான் பேசினேன். மூன்றாவதாகப் போனது உக்கடத்தில் ஹக்கீம் மாமாவின் கடைக்கு. அப்பா சொன்னதையும் சேர்த்து முழுவதையும் சொன்னேன். மாமா தராசுத் தட்டில் இருந்த ஆணியைப் பொட்டலம் கட்டி முடித்தார்.

"அடுத்த ஆட்டத்துக்குக் கேலரி வாசலுக்குக் கூட்டிட்டு வா. நாங்க ஏற்கனவே கீழதான் உக்காந்திருப்போம். உங்கப்பனுக்காக இல்லை. புரியுதா?"

"காரணம் கேப்பாருங்க மாமா."

"காரணத்துக்கா பஞ்சம்?"

அடுத்த ஆட்டத்தன்று, மாலை மூன்றரை மணிக்கு, பார்க்கிங் நிறைந்துவிட்டது என்று சொல்லிக் காரைக் கிழக்கு வாசல் பக்கம் திருப்பினேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே போனதும் கீழ் வரிசையில் பத்துப் பேரும் வேலியை ஒட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓர் இடத்தில் மடித்த செய்தித்தாள்.

"என்ன பாய், இங்க வந்து உக்காந்திருக்கறீங்க?" என்றார் அப்பா.

"மேல தேன்கூடு மாப்ள. பெரிய கூடு. ஏறவே முடியலை."

"ஆமாங்ணா" என்றார் மணி அண்ணன். அவர் காந்திபுரத்தில் செல்போன் கடை வைத்திருப்பவர். பதினொரு பேரில் இளையவர். "கார்ப்பரேசன்ல சொல்லியிருக்குதுங்ணா. இந்த சீசன் முடியறவரைக்கும் ஆகும்போல இருக்குதுங்ணா."

அப்பா நெற்றியில் கை வைத்து மேலே அண்ணாந்து பார்த்தார். முப்பது வருடம் உதிரிபாகங்களில் குறை கண்டுபிடித்த கண்கள் அவை. மேல் வரிசையில் ஏழெட்டுக் கல்லூரி மாணவர்கள் கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

"அவங்களைக் கொட்டலீங்களா?"

மாமா மணி அண்ணனைப் பார்த்தார். மணி அண்ணன் சற்றும் தயங்கவில்லை.

"அவங்கல்லாம் டே டிக்கெட்டுங்ணா. தேனீக்குச் சீசன் டிக்கெட்டுக்காரங்கதான் ஆவறதில்லை."

அப்பா சிரிக்கத் தொடங்கி, மூச்சு வாங்கி, வேலியைப் பிடித்துக்கொண்டு மீண்டும் சிரித்தார். நான் பயந்துபோய் அருகே சென்றேன். கையை ஆட்டி என்னைத் தடுத்தார். பிறகு செய்தித்தாளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தார். தேன்கூட்டைப் பற்றி அதன் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சீசன் முடியும்வரை மற்ற பத்துப் பேரும் அதைப் பற்றி முழு அக்கறையோடு விசாரித்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்படி ஐந்து ஆட்டங்கள். மணி அண்ணன் உப்பில்லாமல் வறுத்த கடலையை எல்லோருக்கும் கொண்டுவந்தார். "இதை மாட்டுக்குப் போட்டா மாடு கோவிச்சுக்கும்" என்று திட்டிக்கொண்டே எல்லோரும் தின்றார்கள். நானும் ஒரு டே டிக்கெட் எடுத்து, தண்ணீர்ப் புட்டியோடு பின்வரிசையில் உட்கார்ந்தேன். எதிர்ப்பக்கக் கோட்டில் நடப்பது யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கம் பந்து வெளியே போனால் கூட்டத்தின் சத்தத்தை வைத்து எறியும் வாய்ப்பு யாருக்கு என்று பந்தயம் கட்டினார்கள். அப்பா பெரும்பாலும் தோற்றார்.

அவருக்கு அங்கே ஒரு புதிய விஷயம் கிடைத்தது. அணியின் இடதுபக்கத் தடுப்பாளரை அப்பா இரண்டு சீசனாக ரீவொர்க்கிலேயே வைத்திருந்தார். தன் பழைய இடத்தில் ஆடுகிறவர் என்பதால் அவரிடம் கூடுதல் கண்டிப்பு. ஓடாமல் நிற்கிறார் என்பது குற்றச்சாட்டு. கீழ் வரிசையில், வேலிக்கு அந்தப் பக்கம் பத்தடி தூரத்தில், அந்த வீரர் ஒரு பாதி முழுவதும் மற்றவர்களை அழைத்துக்கொண்டும் எச்சரித்துக்கொண்டும் இருப்பதை அப்பா முதல்முறையாகக் கேட்டார்.

"மேல இருந்து பார்த்தப்ப சும்மா நிக்கறான்னு நெனச்சுப்போட்டேன் பாய். அவன் நின்னுக்கிட்டு நாலு பேரை ஓட்டிட்டு இருக்கறான்."

"இப்ப என்ன போடறே?"

"பாஸ். ரெண்டு வருசத்துக்கும் சேர்த்து."

அன்று வீடு திரும்பும்போது காரில் மாற்று வீரர்களோடு சேர்த்துப் பதினான்கு பேரையும் தரம்பிரித்தார். நான் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது வருத்தமாக இருக்கிறது.

நம்ம பசங்க அந்தச் சீசனில் எதையும் ஜெயிக்கவில்லை. பட்டியலின் நடுவில் முடித்தார்கள். கடைசி உள்ளூர் ஆட்டம் சமன். எழுந்து கிளம்பும்போது அப்பா வேலியருகே சற்று நேரம் நின்று, வெளியேறும் வீரர்களைப் பார்த்தார். "மொத்தத்துல ரீவொர்க்" என்றார். அன்று காரில் அவர் என்னிடம் வேறொன்றும் கேட்டார். "பெவிலியன் டிக்கெட்டு வீணாப் போச்சுன்னு உனக்கு வருத்தமா கண்ணு?" இல்லை என்றேன். "முதல்லயே நீங்க சொன்ன மாதிரி செஞ்சிருக்கோணும்ங்கப்பா. மூணு ஆட்டம் போச்சு" என்றேன். "மூணுதானே" என்றார். எங்கள் இருவருக்கும் இடையே அந்த விஷயம் அத்துடன் முடிந்தது.

அதற்கு ஏழு வாரங்களுக்குப் பிறகு, ஒரு காலைப்பொழுதில், காபி குடித்து முடித்த நாற்காலியிலேயே அப்பாவின் உயிர் பிரிந்தது. அம்மாவும் நானும் அருகில் இருந்தோம். பெவிலியனிலேயே உட்கார்ந்திருந்தால் இன்னும் சில மாதங்கள் இருந்திருப்பாரா என்று பிறகு டாக்டரிடம் கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். எனக்கும் தெரியாது. பெரியப்பாவின் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான்: அப்பா தனக்கு எந்த இடம் வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார், நான்தான் தாமதமாகக் கேட்டுக்கொண்டேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். தம்பியைப் படிக்கவைத்த பெரியப்பாவுக்கு. நேரம் பார்க்காமல் போனை எடுத்த டாக்டருக்கும் செவிலியர்களுக்கும். முதல் நாள் முதல் காரியம்வரை சமையலையும் பந்தலையும் பார்த்துக்கொண்ட எதிர் வீட்டாருக்கும் அவிநாசி உறவினர்களுக்கும். சிஸ்டத்தில் இல்லாத வழியைத் தேடிச் சொன்ன டிக்கெட் அலுவலகப் பெண்ணுக்கு.

அந்தப் பத்துப் பேருக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு வெகுநாள் தெரியவில்லை. இந்த சீசனின் ஓர் ஆட்டத்துக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அம்மா இதற்குமுன் மைதானத்தில் கால் வைத்ததில்லை. அவர்கள் மேல் வரிசைக்குத் திரும்பியிருந்தார்கள். நானும் அங்கே ஏறியது அதுதான் முதல்முறை. அம்மா இரண்டு இடத்தில் நின்று நின்று முப்பத்தெட்டுப் படியும் ஏறினார். உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பார்த்தார். நான்கு கோடுகளும் தெரிந்தன. இரண்டு கோல் கம்பங்களும், இருபத்திரண்டு பேரும், பெவிலியன் கூரைக்கு மேலே மலையும் தெரிந்தன. எதுவும் எதையும் மறைக்கவில்லை.

"ஏனுங்க பாய், இதையா உட்டுப்போட்டு அஞ்சு ஆட்டம் கீழ உக்காந்தீங்க?" என்று அம்மா கேட்டார்.

"தேன்கூடு இருந்துச்சுங்க தங்கச்சி" என்றார் ஹக்கீம் மாமா.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெயில் என்றார். அந்தப் பத்துப் பேருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அடுத்த சீசனுக்கான டிக்கெட் விற்பனை சென்ற வாரம் தொடங்கியது. அம்மா தனக்கும் ஒன்று வாங்கச் சொன்னார். எந்த இடம் என்று கேட்டேன். சொன்னார். அதையே வாங்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மகள்